கீமோ போட்டு வீட்டுக்கு வந்தபின் அம்மாவின் தொல்லைகளை யார் கவனிப்பது?

ஒரு மகன் கேட்ட கேள்வி இது: "அம்மாவுக்கு 58 வயது, மார்பகப் புற்றுநோய். சென்னையில் 21 நாளைக்கு ஒருமுறை கீமோ. எங்கள் ஊர் அருப்புக்கோட்டை பக்கம். மூன்றாவது கீமோ முடிந்தபோது ஆஸ்பத்திரியில் என் போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்து, தினமும் காலையில் அதில் வரும் பன்னிரண்டு கேள்விகளுக்குப் பதில் போடச் சொன்னார்கள். அம்மா, 'போன் வந்து என்னைப் பாத்துக்கப் போகுதா?' என்கிறார். உண்மையில் இதனால் பயன் உண்டா? ஆப் இல்லாதவர்கள் என்ன செய்வது?"

நான் பதினெட்டு வருடமாகக் கீமோ வார்டில் நர்ஸ். பயன் உண்டு, நிச்சயமாக உண்டு. ஆனால் அம்மா கேட்டதும் சரியான கேள்விதான். போன் யாரையும் பார்த்துக்கொள்ளாது. அம்மா போடும் பதிலை மறுமுனையில் ஒரு ஆள் படித்துவிட்டு அன்றைக்கே திருப்பிக் கூப்பிடுகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் இது ஏன் தேவைப்படுகிறது என்று சொல்கிறேன். 21 நாள் கணக்கில் அம்மா எங்கள் கண்ணெதிரே இருப்பது அரை நாள். மீதி இருபது நாளும் வீட்டில். தொல்லைகள் எல்லாம் வருவதும் அந்த இருபது நாளில்தான். முதல் நாலைந்து நாள் குமட்டலும் வாந்தியும். ஒரு வாரத்தில் வாய்ப்புண். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். வார்டில் 'கவுண்ட் இறங்கியிருக்கு' என்று சொல்வோமே, அதுதான். மூன்றாவது வாரம் உடம்பு கொஞ்சம் தேறும். தேறிய பிறகுதான் அம்மா அடுத்த கீமோவுக்கு எங்கள் முன்னால் வந்து உட்காருவார். டாக்டர் "எப்படிம்மா இருக்கீங்க?" என்பார். "பரவாயில்ல டாக்டர்" என்பார் அம்மா. பத்து நாளைக்கு முன்னால் ஒரு வாய் கஞ்சிகூட இறங்காமல் கிடந்தது அந்த 'பரவாயில்ல'வுக்குள் மறைந்துபோகும்.

நோயாளிக்கு இருக்கும் அறிகுறிகளில் பாதி வரைக்கும் மருத்துவக் குழுவின் கவனத்துக்கே வருவதில்லை என்று இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். என் அனுபவமும் அதுதான். "ஏதாவது இருந்தா போன் பண்ணுங்க" என்று எல்லாரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறோம், பெரும்பாலானவர்கள் பண்ணுவதில்லை. கேட்டால் நாலைந்து காரணம் வரும். கீமோ என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ராத்திரி நேரத்தில் உங்களை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்? பையன் வேலைக்குப் போகணும், அவனை எழுப்ப மனசு வரவில்லை. இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு. "சொன்னா கீமோவை நிறுத்திடுவீங்களோன்னு பயம்." அதைக் கடைசியில், நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டால்தான் சொல்வார்கள்.

அந்தப் பயத்துக்கான பதில் ஒரு பெரிய ஆய்வில் இருக்கிறது. நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில், 2007-ல் தொடங்கி, முற்றிய நிலைப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 766 பேரை டாக்டர் ஈதன் பாஷ் குழுவினர் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவினர் 12 அறிகுறிகள் எந்த அளவில் இருக்கின்றன என்பதைக் கணினியில் அவ்வப்போது பதிவு செய்தார்கள். ஏதாவது ஒன்று கடுமையாகிவிட்டாலோ சட்டென்று மோசமானாலோ நர்ஸுக்கு மின்னஞ்சல் போகும். ஒரு வருடத்துக்குள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டி வந்தவர்கள் வழக்கமான பிரிவில் 41 சதவீதம், பதிவு செய்த பிரிவில் 34 சதவீதம். கீமோவைத் தொடர முடிந்த காலம் சராசரியாக 6.3 மாதத்திலிருந்து 8.2 மாதமாகக் கூடியிருந்தது. அதாவது தொல்லையைச் சொன்னவர்களுக்குக் கீமோ கூடுதலாகத்தான் கிடைத்திருக்கிறது. வாந்தியை முதல் நாளே அடக்கிவிட்டால் உடம்பு தாங்குகிறது, அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அம்மாவிடம் மற்றது எதுவும் சொல்லாவிட்டாலும் இதை மட்டும் சொல்லுங்கள்.

அதே ஆய்வின் அடுத்த முடிவு 2017-ல் வந்தது. பதிவு செய்த பிரிவினரின் ஆயுள் நடுமதிப்பாக 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். புதிதாக ஒரு மருந்தும் சேர்க்காமல் ஐந்து மாதம். இன்னொன்றும் அதில் எனக்குப் பிடித்தது: கணினியே பழகாதவர்களுக்கு இதனால் கிடைத்த நன்மை பழகியவர்களைவிட அதிகமாக இருந்தது. அவர்கள் வீட்டிலிருந்து பதிவு செய்யவில்லை, மருத்துவமனைக்கு வரும்போது அங்கிருந்த கணினியில் செய்தார்கள், அது வேறு விஷயம். ஆனாலும் "அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாதே" என்று தயங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிறகு அமெரிக்காவின் பல மாநிலங்களில் 52 சிகிச்சை மையங்களில் 1,191 பேரை வைத்து இதே மாதிரி ஆய்வு நடந்தது. வாரம் ஒருமுறை இணையத்திலோ, தானாக வரும் தொலைபேசி அழைப்பிலோ பதில் சொல்ல வேண்டும். கணிசமானவர்கள் தொலைபேசியைத்தான் விரும்பினார்கள். அனுப்பிய கேள்விகளில் 90 சதவீதத்துக்கு மேல் பதில் வந்தது. வலியும் சோர்வும் கட்டுக்குள் இருந்தன, நடமாட்டம் மேம்பட்டது. ஆனால் அதில் ஆயுள் கூடவில்லை. அதனால் 'ஆப்பில் பதில் போட்டால் ஆயுள் நீளும்' என்று யாராவது உங்களிடம் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இருக்கிற நாட்களில் படும் வேதனை குறையும் என்பதற்குத்தான் ஆதாரம் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் அது ஒன்றே போதும்.

இப்போது நான் முதலில் சொன்ன 'மறுமுனையில் ஆள்' விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கேத்தி மூனி என்ற செவிலியர் பேராசிரியரின் குழு, கீமோ எடுப்பவர்கள் வீட்டிலிருந்தே தினமும் தானியங்கித் தொலைபேசியில் அறிகுறிகளைச் சொல்லும் முறையைச் சோதித்தது. முதலில் செய்த ஒரு சோதனையில், அறிகுறி கடுமையானால் சிகிச்சைக் குழுவுக்கு எச்சரிக்கை போகும்படி வைத்திருந்தார்கள். எச்சரிக்கை போனது. ஆனால் அதைப் பார்த்து நோயாளியைக் கூப்பிட்டவர்கள் மிகக் குறைவு. நோயாளியின் தொல்லையும் குறையவில்லை. அடுத்த சோதனையில், எச்சரிக்கை வந்தால் நோயாளியைத் திருப்பிக் கூப்பிடுவதற்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர்களை வைத்தார்கள். என்ன தொல்லைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய வழிமுறையும் அவர்கள் கையில் இருந்தது. 358 பேர் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2017-ல் வந்தபோது, அறிகுறிகளின் சுமை மற்ற பிரிவைவிட 43 சதவீதம் குறைவாக இருந்தது. தொலைபேசியும் தினசரிக் கேள்விகளும் முன்பும் இருந்தன. புதிதாகச் சேர்ந்ததில் முக்கியமானது திருப்பிக் கூப்பிடும் குரல்தான்.

ஐரோப்பாவிலும் இதையே பார்த்தார்கள். பிரிட்டன், அயர்லாந்து, நார்வே, ஆஸ்திரியா, கிரீஸ் ஆகிய ஐந்து நாடுகளில் 829 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. நோயாளிகள் கையடக்கக் கருவியில் தினமும் பதில் போட்டார்கள். பதிலின் கடுமையைப் பொறுத்து நர்ஸுக்கு மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை போகும். மஞ்சள் என்றால் எட்டு மணி நேரத்துக்குள், சிவப்பு என்றால் அரை மணி நேரத்துக்குள் கூப்பிட வேண்டும் என்று கறாராக வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவில் இருந்தவர்களின் தொல்லை கீமோவுக்கு முன்பு இருந்த அளவிலேயே நின்றது.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். முன்பு வேலை செய்த ஓரிடத்தில் வாட்ஸ்அப் எண் ஒன்றைக் கொடுத்து, தொல்லை இருந்தால் செய்தி அனுப்பச் சொன்னோம். மக்களும் நம்பி அனுப்பினார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு அம்மா, 'ரெண்டு நாளா பேதி நிக்கல' என்று குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். அந்தப் போன் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலமாரியில் இருந்தது. திங்கள் காலையில் நான்தான் அதைக் கேட்டேன். அந்தக் குரலில் இருந்த தயக்கம் இன்னும் காதில் இருக்கிறது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் பாதித்து, பத்து நாள் படுக்கையில் இருந்தார். செய்தி அனுப்பிவிட்டோம், பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் அந்தக் குடும்பம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகாமல் காத்திருந்தது. எண்ணே கொடுக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை உடனே போயிருப்பார்கள்.

அதனால் அடுத்த முறை போகும்போது இதைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்: நாங்கள் போடும் பதிலை யார் பார்க்கிறார்கள்? எத்தனை மணிக்குப் பார்க்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் தீபாவளியும் யார் பார்ப்பார்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், எடுப்பவர் கீமோ வார்டு ஆளா, ரிசப்ஷனா? கேட்பதில் தப்பே இல்லை. சரியான பதில் வைத்திருக்கும் இடத்தில் கேட்டதும் சொல்லிவிடுவார்கள். இழுத்தால், அந்த ஆப்பை ஒரு நாட்குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, அவசரத்துக்கு வேறு வழியை இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சரி, பதில் எப்படிப் போடுவது? இந்தக் கேள்விகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 78 அறிகுறிகளுக்கு இப்படியொரு கேள்வித் தொகுப்பைச் செய்து வைத்திருக்கிறது, பல நாடுகளில் அதையோ அதைப் போன்றதையோதான் பயன்படுத்துகிறார்கள். 'மிக மோசமாக இருந்தபோது குமட்டல் எந்த அளவு இருந்தது? இல்லை, லேசாக, ஓரளவு, கடுமையாக, மிகக் கடுமையாக.' இதில் 'மிக மோசமாக இருந்தபோது' என்ற சொற்களைத்தான் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். காலையில் பல் தேய்த்துக் காபி குடித்து நிதானமான நேரத்தில் பதில் போடும்போது, நேற்று ராத்திரி பட்ட பாடு மறந்து 'லேசாக' என்று அழுத்திவிடுவார்கள். கடந்த 24 மணி நேரத்தில் எது உச்சமோ அதைத்தான் போட வேண்டும்.

அளவு சொல்ல அம்மா திணறினால் நான் வார்டில் கேட்பது போலக் கேட்டுப் பாருங்கள். "ஒரு ரூபாய்னா தாங்கவே முடியாத வலி. இப்ப இருக்கறது நாலணாவா, எட்டணாவா, முக்கால் ரூபாயா?" பத்துக்கு எத்தனை என்று கேட்டால் விழிக்கும் பாட்டிகள்கூட இதற்கு உடனே கணக்காகப் பதில் சொல்வார்கள்.

இன்னொரு சிக்கல் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஆப் உங்கள் போனில் இருக்கிறது. அதாவது பதில் போடுவது நீங்கள். வாந்தி எத்தனை முறை என்று மகனிடம் சொல்வார். மூன்று நாளாக மலம் போகவில்லை, ஆசனவாயில் வெடிப்பு, சிறுநீர் போகும் இடத்தில் எரிச்சல், இதையெல்லாம் மகனிடம் சொல்வாரா? வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரான் மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், அது மிகச் சாதாரணமாக நடப்பது. ஆனால் வெள்ளை அணு இறங்கியிருக்கும் நாட்களில் ஆசனவாயில் வெடிப்பு என்பது கிருமிக்குத் திறந்துவைத்த கதவு. அந்த ஒரு கேள்வியையாவது உங்கள் மனைவியோ, அக்காவோ, பக்கத்து வீட்டு அத்தையோ தனியாகக் கேட்கட்டும். அம்மாவே பதில் போட முடிந்தால் அதுதான் நல்லது. எழுத்து சின்னதாக இருந்தால் போனில் பெரிதாக்கிக் கொடுங்கள். கண்ணாடியைத் தேடி எடுத்து வைத்துக் கொடுங்கள்.

மார்பகப் புற்றுநோய்க்கு முதலில் டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்தும், நாலு கீமோ முடிந்ததும் பாக்லிடாக்சல் என்ற மருந்தும் போடுவது பரவலாக இருக்கும் முறை. உங்கள் அம்மாவுக்கும் அதுதான் என்றால் இனி கேட்க வேண்டிய கேள்வி மாறும். பாக்லிடாக்சல் விரல் நரம்பைத் தொடும். 'கை கால் மரத்துப்போகிறதா?' என்று ஆப் கேட்டால், பலர் சர்க்கரை, வயசு என்று நினைத்து 'இல்லை' போடுவார்கள். வேறு மாதிரிக் கேளுங்கள். ரவிக்கைக் கொக்கி போட முடிகிறதா? கோலப்பொடி விரலிடுக்கில் நிற்கிறதா? செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தீர்களா? இதில் எதற்காவது பதில் சரியில்லை என்றால் அடுத்த ஊசிக்கு முன்பே எங்களுக்குத் தெரிய வேண்டும். அளவைக் குறைத்தோ இடைவெளி விட்டோ நரம்பைக் காப்பாற்றலாம். தாமதமானால் மரமரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும்.

இப்போது சொல்லப்போவதற்கு ஆப்பும் தேவையில்லை, காலைக் கேள்விக்காகக் காத்திருக்கவும் கூடாது. காய்ச்சல். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்கு மேல் காட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக்கொண்டே கிளம்ப வேண்டும். காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும் அப்படித்தான். வெள்ளை அணுக்கள் இல்லாத உடம்பில் சீழ் பிடிக்காது, வீங்காது, சிவக்காது. அவற்றை உண்டாக்குவதே அந்த அணுக்கள்தானே. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதைப் பாராசிட்டமால் போட்டு இறக்கினால் இருந்த ஒரே அடையாளத்தையும் அழித்தாகிவிட்டது. 'மாத்திரை போட்டேன், குறைஞ்சது, காலையில் பாக்கலாம்னு விட்டேன்' என்று சொல்லி, ரத்த அழுத்தம் இறங்கிய நிலையில் வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி.

அருப்புக்கோட்டையிலிருந்து சென்னைக்கு ராத்திரி வண்டி எடுத்து வராதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே போனதும் முதல் வாக்கியமாக, "கீமோ போட்டு பத்து நாள் ஆகுது, காய்ச்சல் 101" என்று சொல்லுங்கள். வெறும் காய்ச்சல் என்று சொன்னால் வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். எந்த மருந்து, எந்தத் தேதி, காய்ச்சல் வந்தால் என்ன ஊசி என்று உங்கள் கீமோ டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கி, அதன் படத்தைப் போனில் வைத்திருங்கள். தெர்மாமீட்டரை வாயில் வைத்துப் பாருங்கள், காபி குடித்தால் இருபது நிமிடம் கழித்து. அக்குளில் வைத்தால் சற்றுக் குறைவாகத்தான் காட்டும்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு நாள் முழுக்க எதுவும் உள்ளே தங்காத வாந்தி, நிற்காத ரத்தக் கசிவு, பேச்சில் தடுமாற்றம், இவையும் அப்படியே. கேப்பசிட்டபின் என்ற கீமோ மாத்திரையை வீட்டில் சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு ஒன்று: ஒரு நாளில் வழக்கத்தைவிட நாலு தடவை கூடுதலாகப் பேதி போனால், கூப்பிட்டுக் கேட்காமல் அடுத்த வேளை மாத்திரையைப் போடாதீர்கள்.

ஆப் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கீமோ போட்ட நாளை 1 என்று எழுதி, ஒவ்வொரு நாளும் ஒரு வரி. காலை, மாலைக் காய்ச்சல் அளவு, எத்தனை வாய் சாப்பிட்டார், எத்தனை டம்ளர் தண்ணீர், வாந்தி, மலம், வாய்ப்புண், வலி எத்தனை அணா, எவ்வளவு நேரம் படுக்கையில் இருந்தார். இரண்டு சுற்று எழுதினாலே உங்களுக்குப் புரிந்துவிடும், எட்டாம் நாள் வாய் புண்ணாகும், பதினொன்றாம் நாள் அசதி உச்சம் என்று. மூன்றாவது சுற்றில் ஏழாம் நாளே டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே தயாராகலாம். இந்த நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும் குடும்பத்தின் 'பரவாயில்ல'வை எந்த டாக்டரும் அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார். சந்தேகம் தோன்றினால் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தமிழ்நாட்டில் 104 எண் இருக்கிறது, ஆனால் அது உங்கள் கீமோ வார்டுக்கு ஈடாகாது.

2025 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில், மூன்று ஆண்டுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையம் என்று அறிவித்தார்கள். மிக நல்ல விஷயம். அம்மா மாதிரி ஆட்கள் பத்து மணி நேரம் பஸ்ஸில் வர வேண்டியதில்லை. ஆனால் நாற்காலியும் மருந்தும் மட்டும் மாவட்டத்துக்கு வந்து, ஊசி முடிந்து வீட்டுக்குப் போனவரைக் கூப்பிட்டுக் கேட்க ஒரு நர்ஸ் பணியிடம் வராவிட்டால், அந்த இருபது நாள் இப்போது இருப்பது போலத்தான் இருக்கும். ஒவ்வொரு மையத்துக்கும் அந்த ஒரு பணியிடத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று நாங்கள் கூடும் இடத்தில் எல்லாம் சொல்லிவருகிறேன்.

உங்கள் அம்மாவுக்கு இப்போது எத்தனையாவது நாள் என்று எழுதவில்லை. ஏழுக்கும் பதினான்குக்கும் இடையில் என்றால் தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கிறதா, பேட்டரி வேலை செய்கிறதா என்று இன்று ராத்திரியே பார்த்துவிடுங்கள்.